இடது கை மட்டும் தைத்த றஹ்மா

கண்டக்குழியில் யாருக்காவது தையலில் உதவி தேவைப்பட்டால் றஹ்மாவின் வீட்டுக்குத்தான் போவார்கள். சட்டை இறுகிவிட்டதா, மகளின் பாவாடை நிலத்தைக் கூட்டுகிறதா, மாமி கொடுத்த சல்வாரில் இன்னும் இரண்டு பேர் நுழையலாம் போலிருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் இறங்கிவிடுவார்கள். கதவைத் திறக்கும்போதே றஹ்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கும். அது காலையில் தொழுதெழும்பிக் கழுத்தில் ஏறினால் இரவு படுக்கப் போகும்போதுதான் இறங்கும்.

வந்தவளை உட்காரச் சொல்வாள். உடுப்பை வாங்கி உட்புறத்தை வெளியே திருப்புவாள். தையல் ஓடிய வழியே விரலை ஓட்டுவாள். நாடாவை இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்பாள். என்ன இலக்கம் வந்தது என்று அவளும் சொன்னதில்லை, எவரும் கேட்டதுமில்லை. பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பாள். வந்தவள் தான் நினைப்பதையெல்லாம் கொட்டி முடித்ததும், "ம்ம்" என்று தலையாட்டிவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வாள்.

"பிரிச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான் அவளுடைய உதவி.

பக்கத்து வீட்டு ஃபஹ்மியாதான் இதை முதலில் ஊருக்குக் கொண்டுபோனவள். காமெண்ட் எனும் ஆடைத் தொழிற்சாலைகள் கழித்துச் சந்தைக்கு அனுப்பும் துண்டுத் துணிகளைக் கிலோக் கணக்கில் வாங்கி, அவற்றை ஒட்டிக் கட்டில் விரிப்புத் தைக்கத் தொடங்கியிருந்தாள். இருபது துண்டு வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு விரித்துப் பார்த்தால் நடுப்பகுதி கூடாரம் போல எழும்பி நிற்கிறது. இங்கே அமத்தினால் அங்கே எழும்புகிறது. றஹ்மா பார்த்தாள், தடவினாள், பிரித்துக்கொண்டு வரச் சொன்னாள். ஃபஹ்மியா வீட்டு வாசலில் குந்தி அரை பிளேட்டால் நூலை அறுத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கே புரிந்துவிட்டது: பெனியன் துணியையும் சேட்டுத் துணியையும் கலந்து ஒட்டியிருக்கிறாள். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. பிறகு விரிப்பு எப்படிப் படியும்? இரண்டையும் வேறாக்கித் தைத்தாள். விரிப்பு தண்ணீர் போலப் படிந்தது.

"றஹ்மா ராத்தா தொட்ட உடனே கண்டு புடிச்சிட்டா. ஆனா வாயால செல்லல்ல. நாமளே விளங்கிக்கொள்ளணும் எண்டு விட்டுட்டா. அதுதான் படிப்பு!" என்று ஃபஹ்மியா கிணற்றடியிலும் மீன்வாடியிலும் சொல்லித் திரிந்தாள்.

அதன் பிறகு கூட்டம் குறையவில்லை. பிரித்தவளுக்கு உடுப்பு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தவள் திரும்பத் தைத்துவிடுகிறாள். நாலைந்து பேருக்குச் சரிவராமல் போனதும் உண்டு. அவர்கள் தாங்கள் பிரித்ததில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். கடற்கரை லொட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி கிழிந்த காற்சட்டையோடு வந்தபோதும் றஹ்மா பாஷை தெரியாமலேயே பிளேட்டைக் கையில் கொடுத்துச் சைகை காட்டினாள். அவளும் போகும்போது இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இனி, உண்மை என்னவென்றால், றஹ்மாவுக்குத் தைக்கத் தெரியாது.

இந்தப் பக்கத்தில் ஆளைச் சொல்ல முதல் ஆளின் ஆட்களைச் சொல்ல வேண்டும். றஹ்மாவின் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். உம்மாவின் குடும்பம் கண்டக்குழியில் வலை இழுத்த குடும்பம். அந்த இரண்டு பரம்பரையிலும் ஊசி பிடித்தவர் ஒரே ஒருவர், றஹ்மாவின் சாச்சா. அவரும் வள்ளத்துக்குப் பாய்ச்சீலை தைத்தவர். அவர் தைத்த பாயைக் கட்டிக்கொண்டு மன்னாருக்குப் புறப்பட்ட வள்ளங்கள் கொஞ்சம் சரிந்துதான் போகும் என்று இன்றைக்கும் சிரிப்பார்கள். ஆகவே இரத்தத்தில் வந்த கலை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

வந்தது எங்கேயிருந்து என்றால், காமெண்டிலிருந்து. புத்தளத்துக்குப் போகும் பாதையில் முன்பு ஒரு காமெண்ட் இருந்தது. விடிய ஐந்தரைக்கு அதன் வான் சந்தியில் வந்து ஹோன் அடிக்கும். கலியாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருடம் றஹ்மா அந்த வானில் ஏறினாள். அங்கே பெண்களுக்கான கவுன் தைத்தார்கள். ஒரு வரிசைக்கு நாற்பது மெசின். முதல் மெசினில் துண்டாகப் புறப்படும் துணி நாற்பதாவது மெசினில் கவுனாக இறங்கும். இடையில் ஒவ்வொருத்திக்கும் ஒரே வேலை. றஹ்மாவின் வேலை இடது கையைப் பொருத்துவது. ஒரு நாளைக்கு முந்நூறு இடது கை. ஒன்பது வருடத்தில் ஏழெட்டு லட்சம் இடது கைகளை அவள் கப்பலேற்றியிருக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் இடது கை போடுவாள். ஆனால் அங்கே ஒரு வலது கையைத் தொட்டதில்லை. அது பக்கத்து மெசின்காரி எமிலியாவின் வேலை.

காமெண்ட் மூடியதும் றஹ்மா வீட்டோடு நின்றாள். ஒன்பது வருடம் தையல் வேலை செய்தவள் என்று ஊர் சொன்னது. அங்கே என்ன செய்தாய் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காததை வீடு வீடாகப் போய்ச் சொல்ல அவளுக்கு என்ன அவசரம்? பிறகு ஒரு நாள் ஒருத்தி பையோடு வந்து நின்றாள். அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிரித்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் இரண்டு நாளாவது போகும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள். அந்த இரண்டு நாள்தான் பதினைந்து வருடமாகிவிட்டது.

தெரிந்த ஒரே ஆள் புருஷன் ஜெமீல். அவன் வாய் திறக்காத மனிதன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் திறக்கவில்லை. தன்னுடைய சாரனுக்கு மூட்டுப் போடுவதற்குக்கூட அவன் கல்பிட்டித் தையல் கடைகளைத் தாண்டிப் புத்தளத்துக்குப் போய் வருவான்.

"ஊர்ல உள்ள பொம்பிளயளெல்லாம் என்ட ஊட்டுக்கு வாராங்க. நான் மட்டும் சாரனத் தூக்கிக்கிட்டு பஸ்ஸில போறன்" என்பான்.

"மெதுவாப் பேசுங்க. ஃபஹ்மியா வேலியோட நிக்கிறா."

"நிக்கட்டும். அவளுக்குச் செல்லு, ஜெமீலையும் பிரிச்சிட்டு வரச் செல்லியிரிக்கி எண்டு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் மகள் அஸ்னாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை அஃப்ராஸ், புத்தளத்தில் ஃபோன் கடை வைத்திருக்கிற பிள்ளை. அவனுடைய உம்மா மர்ளியா, இரண்டு சகோதரிகளையும் மகள் ஷிம்லாவையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தாள். அன்றைக்கென்று பார்த்து றஹ்மாவின் வீட்டுப் பாயில் மூன்று பெண்கள் குந்தியிருந்து ஆளுக்கொரு உடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வகுப்பு நடக்குதா?" என்று மர்ளியா கேட்டாள்.

"இல்ல ராத்தா, சும்மா வந்து இரிக்காங்க."

சத்தியமான பேச்சு. மர்ளியா அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய நாடாவையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். போகும் வழியில் வானுக்குள் சகோதரிகளிடம், "கை வேல தெரிஞ்ச ஊடு. பெருமை இல்லாத மனிசி. இதுக்கு மேல என்னத்தப் பாக்கிற?" என்றாளாம்.

நாள் குறித்தார்கள். நிக்காஹ்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து கலியாண உடுப்பு வந்தது. நீளக் கை வைத்த வெள்ளைக் கவுன், மார்பில் தங்க வேலை, பின்னால் இரண்டு பாகம் நீளத்துக்கு இழுபடும் வால். கையை விரித்து ஒரு பாகம், திரும்ப விரித்து இன்னொரு பாகம். வீட்டு மண்டபத்தில் விரித்தால் வால் குசினிக்குள் போனது.

மர்ளியாவின் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணின் அளவை அவர்கள் கேட்டு வாங்க மாட்டார்கள். அது மரியாதையில்லை. மாப்பிள்ளையின் உம்மா பெண்ணைப் பார்த்த அன்றே கண்ணால் அளந்துகொண்டு உடுப்பெடுக்க வேண்டும். மர்ளியாவின் மாமியாரும் அப்படித்தான் எடுத்தாராம், நூல் பிசகவில்லையாம். மர்ளியாவும் அஸ்னாவைக் கண்ணால் அளந்துதான் எடுத்தாள். ஆனால் அஸ்னா அன்றைக்குத் தேத்தண்ணித் தட்டைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் பாதியாக நின்ற பிள்ளை. அளவும் பாதிக்குத்தான் சரிவந்தது.

முதுகில் சிப் ஏறவில்லை. நாலு விரல் இடைவெளி. அஸ்னா மூச்சை உள்ளே இழுத்தாள். ஃபஹ்மியா ஒரு பக்கம், றஹ்மா ஒரு பக்கம் இழுத்தார்கள். நாலு விரல் மூன்றரை ஆனது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டு உடுப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. அது மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு படிதான் குறைவு. றஹ்மா மர்ளியாவுக்கு ஃபோனில் கோல் எடுத்து, "உடுப்பு நல்ல வடிவு ராத்தா. கொஞ்சம், ஒரு சொட்டு, இறுக்கமா இரிக்கி" என்று மெல்லச் சொன்னாள்.

"அதுக்கென்ன றஹ்மா! ஒங்கட கையிக்கு அது ஒரு வேலயா? ஆனா ஒண்டு, டெயிலருக்கு மட்டும் குடுத்துராதீங்க. பொண்ணுட உம்மா கையால திருத்தின உடுப்பு எண்டு எங்கட ஆக்களெல்லாத்துக்கும் செல்லிட்டன். ரெண்டு நாளைக்கு முந்தி வந்து பாப்பம்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அஸ்னா கவுனைத் தோளில் கொழுவியபடி அப்படியே நிற்கிறாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க றஹ்மாவால் முடியவில்லை. ஊர் அறிந்தால் நாலு நாள் சிரிக்கும், பிறகு மறக்கும். புகுந்த வீட்டு மாமியார் அறிந்தால் மறக்கமாட்டாள். அஸ்னா உப்புக் கூடப் போட்டாலும், "உம்மாட்டப் படிச்சதாக்கும்" என்று காலம் முழுக்கக் கேட்க வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டு சம்பாதித்த பேரெல்லாம் இப்போது மகளின் முதுகில் நாலு விரலாகத் திறந்து நிற்கிறது.

"என்ன உம்மா செய்யப் போறீங்க?"

"பிரிக்கணும்" என்றாள் றஹ்மா. வேறென்ன சொல்வாள்?

கல்பிட்டியில் டெயிலர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருத்தருடைய பெண்சாதி றஹ்மாவிடம் விரிப்புத் தைக்கக் கேட்டு வருகிறவள், இன்னொருத்தர் ஃபஹ்மியாவின் மச்சான். புத்தளத்திலோ மர்ளியாவின் சொந்தம் இல்லாத தெரு இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் எமிலியாவின் ஞாபகம் வந்தது. உச்சமுனைத் தீவுக்காரி. உச்சமுனையில் எமிலியாவைக் கேட்காமல் ஒரு பொத்தான்கூட ஏறாது என்று மீன் கொண்டு வருகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். பக்கத்து மெசினில் இருந்தவள்தான், ஆனால் போன பிறகு முழுத் தையலும் படித்திருப்பாள். கெட்டிக்காரி.

அடுத்த நாள் காலை கவுனைப் பழைய போர்வையில் சுற்றி ஜெமீல் மீனுக்குப் போகும் போட்டில் ஏறினாள். களப்புக் கடலைத் தாண்டித் தீவில் இறங்கும்போதே எமிலியா கரையில் நிற்கிறாள். அவளுடைய கையிலும் ஒரு பை.

"அநே றஹ்மா! உனக்கு நூறு ஆயுசு. நான் உன்னிட்டத்தான் வர வெளிக்கிட்டனான்."

"எனக்கிட்டயா? என்னத்துக்கு?"

"என்ட மகன் டிலக்‌ஷன்ட மகளுக்கு வாற ஞாயிறு கோயில்ல முதல் நன்மை. வாங்கின கவுன் தோளால வழுக்கி வழுக்கி விழுது. உனக்கு ஒரு நிமிச வேலை. உன்னட்ட வந்தா தொட்ட உடனே கண்டுபிடிப்பியாமே?"

றஹ்மா தன்னுடைய சுருளைப் பார்த்தாள். எமிலியாவின் பையைப் பார்த்தாள்.

"எமிலியா, நீதானே இந்தத் தீவுக்கே தைக்கிற?"

"ஆர் சொன்னது?"

"மீன்காரங்க."

"எனக்கும் மீன்காரங்கதான் சொன்னது."

போட்டில் நின்ற ஜெமீல் எஞ்சினை நிறுத்தினான். இது லேசில் முடியாது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"உண்மையச் செல்லு. வலது கை தவிர ஒனக்கு வேற என்ன தெரியும்?"

"உனக்கு இடது கை தவிர என்ன தெரியும், அதை முதல் சொல்லு."

இரண்டு பேரும் சுருளையும் பையையும் மண்ணில் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் காயவைத்த மீனில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின. சிரித்து முடிந்ததும் றஹ்மாவுக்கு அழுகை வந்தது. எமிலியா முந்தானையால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அப்ப நீ ஆக்களுக்கு என்ன செல்லுவ?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு றஹ்மா கேட்டாள்.

"கழுவிக்கொண்டு வரச் சொல்லுவன். கழுவினா துணி கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் இளகும். பாதிப் பேருக்கு அதிலேயே சரிவந்திரும். நீ?"

"பிரிச்சிட்டு வரச் செல்லுவன்." றஹ்மா சுருளை அவிழ்த்துக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"மாதாவே! உன்ட நல்லாத்தான் இருக்கு. இந்தக் கவுனக் கழுவேலாது. வா, பிரிப்பம்."

எமிலியாவின் வீட்டில் இரண்டு மெசின் இருந்தன. ஒன்று சாதாரணம். மற்றது காமெண்ட் மூடியபோது விற்றுத் தள்ளியதில் வாங்கிப்போட்ட ஓவர்லொக் மெசின். விளிம்பு நூல் பிரியாமல் சுற்றித் தைக்கிற சாமான். வாங்கிய நாள் முதல் அதன்மேல் மாதா சுருபம்தான் இருந்தது. சுருபத்தைத் தூக்கி அலுமாரியில் வைத்தார்கள். பாய் விரித்துக் கவுனை மூட்டு மூட்டாகப் பிரித்தார்கள். பின்னேரமாகும்போது கலியாண உடுப்பு இல்லை. பதினேழு வெள்ளைத் துண்டுகள் இருந்தன. றஹ்மா அவற்றை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். மற்றவர்கள் பிரிக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனி எப்படி எமிலியா?"

"லைனை நினைச்சுப் பார். எங்களுக்கு முன்னால ஆர் இருந்தது?"

"சுதர்சினி."

"அவ என்ன செய்வா?"

"அவவா? அவ முந்தல்காரி. தகப்பன் பாண் பேக்கரி வெச்சிருந்தவர். தங்கச்சிய நம்மட சூப்பவைசர் முடிச்சான். அந்தக் கலியாணத்தில அவ நம்மளுக்குச் செல்லல்ல எண்டு நீ ரெண்டு மாசம் பேசாம இரிந்தியே."

"ஓம், ஓம்! தோள்மூட்டு! தோளை மூட்டி எனக்குத் தள்ளி விடுவா, மூஞ்சையத் திருப்பிக்கொண்டு."

அப்படித்தான் வந்தது. ஒருத்தியின் வேலையை நினைக்க முதல் அவள் எந்த ஊர், யாருடைய மகள், யாரைக் கட்டினாள், யாரோடு கோபம் என்பதெல்லாம் வரிசையாக வரும். கடைசியில்தான் அவளுடைய கை வரும். வண்ணாத்திவில்லிலிருந்து வந்த ஒரு பிள்ளை மார்புப் பக்கத்தில் மடிப்பு வைப்பாள். சிப் வைக்கிறவள் அஜித்தா. இரண்டு தரம் கலியாணம் நின்றுபோய் மூன்றாவது தரம் நல்ல மாப்பிள்ளை வாய்த்தவள். சிப்பின் கீழ்நுனியில் அவள் மூன்று தரம் முன்னும் பின்னும் தைப்பாள். ஏன் என்று கேட்டால், "ஒரு தரத்தில நிக்காது" என்பாள்.

"சரி, இப்ப நீ சுதர்சினி" என்பாள் எமிலியா. றஹ்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளை மூட்டுவாள். "இப்ப நான் அஜித்தா" என்று எமிலியா சிப்பைக் கையில் எடுப்பாள். கலியாணத்துக்குச் சொல்லாத சுதர்சினி அன்றைக்குக் கூப்பிடாமலேயே வந்து வேலை செய்துவிட்டுப் போனாள்.

ஆனால் நாலு விரல் துணிக்கு எங்கே போவது? விலாப் பக்கம் இரண்டிலும் இரண்டிரண்டு விரல் அகலத்தில் துண்டு வைத்தால் போதும், கையின் அடியிலும் அதே துண்டு போக வேண்டும். அந்த வெள்ளையில், அந்த மினுக்கத்தில் துணி கல்பிட்டியிலும் இல்லை, புத்தளத்திலும் கிடைக்குமோ தெரியாது. றஹ்மாவின் கண் வாலில் போய் நின்றது. பாய் முழுக்கக் கிடந்தது வால்.

"வேண்டாம் றஹ்மா. வாலை வெட்டினா மாமியார் உன்னை வெட்டுவா."

"கவுன் ஏறல்லண்டா வால மட்டும் கட்டிக்கிட்டு அஸ்னா மணவறையில இரிக்கவா?"

கத்தரிக்கோலை வாங்கி பிஸ்மி சொல்லி அரைப் பாகம் வெட்டினாள். எமிலியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலு நாள் போட்டில் போய் வந்தாள். மூன்றாம் நாள் எமிலியா மீன் புரட்டிப் போடக் கரைக்குப் போன நேரம் றஹ்மா தனியே இருந்தாள். இடது கையைப் போட்டு முடித்துவிட்டாள். அதற்கு ஒரு மூச்சு நேரம்கூடப் போகவில்லை. வலது கை பாயில் கிடந்தது. அது எமிலியாவின் பங்கு. எடுத்துப் பார்த்தாள். ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்க்காததையா? போட்டாள். முழங்கை முன்பக்கம் வந்து நின்றது. பிரித்தாள். திரும்பப் போட்டாள், உட்புறம் வெளியே வந்தது. பிரித்தாள். மூன்றாம் தரம் தோளில் மூன்று சுருக்கம். அதையும் பிரித்தாள். நாலாம் தரம் கை அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

எமிலியா மீன் கையோடு வந்து பார்த்தாள். "ஆர் போட்டது?"

"நான்தான்."

"என்ட வேலையில ஏன் கை வைக்கிறாய்? பொறு, என்ட பேத்தீட கவுனுக்கு இடது கை நான் போடுறன்." போட்டாள். அவளுக்கு ஐந்து தரம் பிடித்தது. அதை இன்றைக்கும் றஹ்மா சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டாள்.

கவுன் வீட்டுக்கு வந்தது. அஸ்னா போட்டாள். சிப் ஒரே இழுப்பில் கழுத்து வரைக்கும் ஏறியது. பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள், இறக்கினாள். பிறகு வலது கையை மட்டும் இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள்.

"உம்மா! வலது கையும் சரியா இரிக்கி!"

றஹ்மா சட்டென்று திரும்பினாள். "ஏன் மகள், வலது கைக்கு என்ன?"

"இல்ல, இஸ்கூல் போற காலத்தில நீங்க திருத்தித் தந்த சட்டைகள்ல இடது கை மட்டும்தானே ஒழுங்கா இரிந்திச்சி. நான் வலது கையத் தூக்காமலே படிச்சி முடிச்சன். அதாலதான் டீச்சர்மார் என்னட்ட ஒரு கேள்வியும் கேக்கல்ல."

இத்தனை வருடமும் ஒரே வீட்டுக்குள் ஒருத்தி மறைத்திருக்கிறாள், மற்றவள் தெரியாததுபோல இருந்திருக்கிறாள். றஹ்மா மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னபடி இரண்டு நாளைக்கு முன் மர்ளியா வந்தாள். இரண்டு சகோதரிகளும் ஷிம்லாவும் கூட வந்தார்கள். புதினம் பார்க்க ஃபஹ்மியாவும் வந்து உட்கார்ந்தாள். மர்ளியா கவுனைக் கையில் வாங்கி உட்புறத்தைத் திருப்பினாள். ஓவர்லொக் போட்ட விளிம்பு, கோடு கீறினது போலத் தையல், சிப்பின் நுனியில் மூன்று தரம் முன்னும் பின்னும். அவளுடைய முகம் மாறியது.

"இது ஊட்டு வேல இல்லயே றஹ்மா. இது டெயிலர்ட வேல."

றஹ்மா பேசவில்லை. பதினைந்து வருடம் அந்தப் பேசாமை பணிவாக இருந்தது. அன்றைக்கு அதுவே கள்ளமாகத் தெரிந்தது.

"நான் என்ன செல்லியிரிந்தன்? டெயிலருக்குக் குடுக்க வேணாம் எண்டுதானே? எங்கட ஆக்களுக்கு முன்னால என்ட மொகம் என்ன ஆகிற?"

அஸ்னா உம்மாவைப் பார்த்தாள். றஹ்மா கழுத்து நாடாவைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ராத்தா, நான் ஒரு உண்மையச் செல்றன். எனக்குத் தையல் தெரியா. காமெண்டில ஒம்பது வருஷம் இடது கை மட்டும்தான் போட்டன். இது நானும் உச்சமுனை எமிலியாவும் சேந்து, பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சது. டெயிலர் தொடல்ல."

முதலில் சிரித்தது ஃபஹ்மியா. "கேளுங்க இவட கதைய! ஊருக்கே படிப்பிச்சவ, தையல் தெரியாதாம்! இதுதான் எங்கட றஹ்மா ராத்தா. புகழ்ந்தா பொறுக்கமாட்டா."

"டெயிலர மறைக்கத்தான் இந்தக் கதையெல்லாம்" என்றாள் மர்ளியா. சொல்லிக்கொண்டே கவுனை உதறினாள். உதறின வேகத்தில் வால் விரிந்தது. குசினி வரைக்கும் போக வேண்டிய வால் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"வால்? மிச்ச வால் எங்க?"

"வெட்டிட்டன்."

ஃபஹ்மியாகூட வாயை மூடினாள்.

"வெட்டி?"

"விலாவுக்குப் போட்டன். நாலு விரல் காணாம இரிந்திச்சி ராத்தா."

மர்ளியாவின் மூத்த சகோதரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "நாலு விரலா? மர்ளியா, ஒன்ட கண் அளவு பிசகாது எண்டுதானே நீ செல்லுவ?"

மர்ளியா ஒரு கணம்தான் யோசித்தாள். குடும்பத்தில் மூத்த மருமகளாக இருபத்தெட்டு வருடம் நின்றவளுக்கு அந்த ஒரு கணம் போதும்.

"என்ட அளவு எப்படிப் பிசகும்? நான்தான் வால வெட்டி விலாவில போடச் செல்லி கோல் எடுத்த. இந்தக் காலத்தில ஆரு இந்த நீளத்துக்கு வால் வைக்கிற? புள்ள தட்டுப்பட்டு உழுந்துரும்." பிறகு றஹ்மாவின் பக்கம் திரும்பினாள். குரல் இளகிவிட்டது. "டெயிலர் எண்டா வாலில கத்தரிக்கோல் வைப்பானா? கை நடுங்கிச் செத்துப்போவான். இது பெத்தவட கைதான். சந்தேகமே இல்ல."

றஹ்மா வாயைத் திறந்தாள். அஸ்னா பின்னாலிருந்து அவளுடைய முந்தானையை இழுத்தாள். றஹ்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை, நம்பினபோது அது உண்மையில்லை, ஆனாலும் உடுப்பு அஸ்னாவுக்குச் சரியாக இருந்தது.

தேத்தண்ணியும் வட்டிலப்பமும் முடிந்தது. போக எழும்பின மர்ளியா போகாமல் திரும்ப உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து பச்சைப் பட்டுச் சட்டையொன்றை எடுத்தாள்.

"றஹ்மா, இது என்ட. கலியாணத்துக்குப் போடத்தான். தெக்கக்குள்ள சரியா இரிந்தது. இப்ப கை ரெண்டும் ஏறுதில்ல."

றஹ்மா சட்டையை வாங்கினாள். உட்புறத்தை வெளியே திருப்பினாள். தையலோடு விரலை ஓட்டினாள். மடியில் கிடந்த நாடாவை எடுத்துத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க ராத்தா?"

மர்ளியா தான் நினைப்பதையெல்லாம் சொன்னாள். கொஞ்ச நேரம் பிடித்தது.

"ம்ம்" என்றாள் றஹ்மா. ஃபஹ்மியா கேட்காமலேயே அரை பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் உம்மா பெண் வீட்டுப் பாயில் காலை மடக்கி உட்கார்ந்து சட்டையை மடியில் போட்டாள்.

"முதல்ல எந்தக் கையப் பிரிக்கட்டும்? இடதா, வலதா?"

"ரெண்டும் எனக்கு ஒண்டுதான்" என்றாள் றஹ்மா.